தங்க விளிம்பில் மஞ்சள்

1

நீளமாக ஒரு பீப். ஒரு மூச்சு விடும் இடைவெளி. மறுபடியும் நீளமாக ஒரு பீப்.

இன்று காலை எங்கள் தெருவில் குப்பை வண்டி பின்னோக்கி வந்தது. வடஜெர்மனியில், பிரேமன் நகரத்தின் முட்டுச்சந்து ஒன்றில் குடியிருக்கிறேன். வண்டி திரும்ப இங்கே இடமில்லை. அதனால் பின்பக்கமாகவே வரும். வந்து சேரும்வரை கத்தும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாரம் ஒருமுறை கேட்டுவருகிறேன். அது எனக்கு எதையும் நினைவூட்டியதில்லை. போன மாதத்திலிருந்து மட்டும், அது கேட்டவுடன் கையிலிருக்கும் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிடுகிறேன்.

போன மாதம் கவரைப்பேட்டையில், என் தங்கை தேவகி வீட்டு முன்னறையில், ஒரு பழைய கம்ப்யூட்டர் இதே ஒலியை எழுப்பியது. நான் அங்கே இல்லை. இங்கே, சமையலறை மேசையில், என் மகன் நிலனின் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒலி கடல்களைத் தாண்டி ஒரு நொடி தாமதமாக வந்தது. ஆனாலும் அந்த அறையில் எல்லோருடைய முகமும் ஒரே நேரத்தில் சுருங்கியது. என் முகம் உட்பட.

வெளிநாட்டில் இருப்பவன் எழுதும் குறிப்பில் மண்வாசனையை எதிர்பார்ப்பீர்கள். என்னிடம் இருப்பது ஒரு பீப் மட்டும்தான். அதிலிருந்துதான் தொடங்க முடியும்.

2

ஷர்மிளா, தேவகியின் மகள். இன்ஜினியரிங் கடைசி வருடம். அவளுடைய கம்ப்யூட்டர் காயலான் கடையிலிருந்து வந்தது. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி தன் அலுவலகத்தைக் காலி செய்தபோது, மேசை நாற்காலிகளோடு கம்ப்யூட்டர்களையும் எடை போட்டு விற்றது. தேவகியின் கணவர் சேகர் அந்தக் குவியலில் ஒன்றைப் பொறுக்கி எடுத்துவந்தார். பக்கவாட்டில் கம்பெனி ஒட்டிய சொத்து எண் இன்னும் இருக்கிறது. ஷர்மிளா அதைக் கிழிக்கவில்லை. கேட்டால், "அதும் ஒரு காலத்துல வேலைக்குப் போய்க்கினு இருந்துச்சி மாமா, மரியாத குடுக்கணும்" என்பாள்.

கல்லூரியில் ஒரு மூத்த மாணவி அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தாள். காசு கொடுத்து வாங்க வேண்டாத இயங்குதளம். இல்லாதவர்களின் கம்ப்யூட்டரிலும் நடக்கும். மூன்று வருடம் நடந்தது. பிறகு அந்தப் பழைய பதிப்புக்குப் புதுப்பிப்புகள் வருவது நின்றது. அவளுடைய புராஜெக்ட்டுக்கு வேண்டிய புதிய நிரல்கள் அதில் ஏற மறுத்தன. புதிய பதிப்போ, இருக்கும் நினைவகத்தைப் போல இரண்டு பங்கு கேட்டது. பென்டிரைவில் போட்டு ஓட்டிப் பார்த்தாள். சுட்டியை அசைத்தால் அம்புக்குறி யோசித்து யோசித்து நகர்ந்தது. பிறகு யோசிப்பதையும் நிறுத்தியது.

புராஜெக்ட் இதுதான்: ஜன்னலில் ஒரு சிறிய உணரி, காற்றில் உள்ள தூசியை அளக்கும். கம்ப்யூட்டர் அதை வரைபடமாகக் காட்டி, அடுத்த மணி நேரத்தில் தூசி கூடுமா குறையுமா என்று சொல்லும். சுற்றிலும் உருக்காலைகள்; அந்தப் பக்கத்துக் காற்றில் இரும்பு உண்டு. யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. வெள்ளைத் துணியை வீட்டுக்குள்ளே காயவைப்பார்கள், அவ்வளவுதான். நானும் இருபத்தைந்து வயதுவரை அந்தக் காற்றில்தான் வேலைக்குப் போய் வந்தேன். அளக்கலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை.

மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை ரிவ்யூ. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால், அவரவர் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிக் காட்ட வேண்டும். கல்லூரி ஆய்வகக் கணினிகளில் வேறு எதையும் ஏற்ற அனுமதி இல்லை. ஓடாவிட்டால் கேம்பஸ் இண்டர்வியூ பட்டியலில் பெயர் இருக்காது. பெயர் இல்லாவிட்டால், சேகர் ஷிஃப்டு பார்க்கும் தேர்வாய் கண்டிகைத் தொழிற்சாலையில் டிரெய்னி இடம். சேகர் ஏற்கெனவே சூப்பர்வைசரிடம் சொல்லி வைத்திருந்தார். கெட்ட எண்ணத்தில் அல்ல. கையில் ஒன்று இருக்கட்டும் என்று நினைக்கும் மனிதர் அவர்.

வீடியோவில் ஒருநாள் அந்தப் பேச்சு நடந்தது.

"லைன்ல நின்னா இன்னா கொறைஞ்சி பூடுவ? நான் நிக்கல?" என்றார் சேகர்.

ஷர்மிளா அவரை நைனா என்றுதான் கூப்பிடுவாள். ஆந்திர எல்லைப் பக்கத்துப் பழக்கம். "நீ நின்னது போதும் நைனா. ஒரு ஊட்டுக்கு ஒரு கால்வலி போதும்" என்றாள்.

சேகர் சிரித்தார். தன் முழங்காலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

3

நான் புது லேப்டாப் அனுப்புகிறேன் என்றேன். தேவகி உடனே மறுத்துவிட்டாள். "வாணாண்ணா. நீ ஒண்ணு அனுப்புவ, இவரு மூணு மாசம் மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கெடப்பாரு. பேஜாரு."

பக்கத்தில் இருந்த நிலன், "பேஜார் எண்டால்?" என்று திரையில் தெரிந்த அத்தையைக் கேட்டான். "தொல்லைடா" என்றாள் அவள்.

அந்த 'எண்டாலை' விளக்க வேண்டும். நிலன் இங்கே பிறந்தவன். பதினெட்டு முடிந்து பல்கலைக்கழகத்தில் கணினியியல் முதலாண்டு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பத்து வருடம் படித்தான். அந்தப் பள்ளியை நடத்தியவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அதனால் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக்காரன் மகன் "ஓம்" என்பான், "கதைப்பம்" என்பான். என்னிடம் அதுவும் இல்லை. நான் தமிழில் கேட்பேன், அவன் ஜெர்மனில் பதில் சொல்வான். வீட்டில் இரண்டு தண்டவாளம். மோதல் கிடையாது, சந்திப்பும் கிடையாது. மருத்துவமனையில் வேலை பார்க்கும் என் மனைவி இதைப் பற்றிக் கவலைப்படுவதை நிறுத்தி நாளாயிற்று. நானும்தான்.

ஷர்மிளாவிடம் பேச அவனுக்குத் தமிழ் தேவைப்பட்டது. இருவருக்கும் ஆங்கிலம் தெரியும். ஆனால் அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள்: "இங்கிலீசுல பேசுனா எனக்கு எக்ஸாம் மாரியே கீதுடா. தமிழ்லயே பேசு. நீ எந்தத் தமிழ்ல வேணா பேசு." ஆக, அவன் அந்தத் தமிழில் பேசினான், அவள் இந்தத் தமிழில் பேசினாள், நடுவில் நான் மொழிபெயர்ப்பாளன். தமிழிலிருந்து தமிழுக்கு. வீட்டில் எனக்கு நெடுநாளைக்குப் பிறகு கிடைத்த வேலை.

நிலனும் மாணவன்தான்; வார இறுதியில் ரொட்டிக் கடையில் நின்று தன் செலவைப் பார்த்துக்கொள்பவன். தன் பழைய கணினியைக் கழற்றி, அதிலிருந்த நினைவகத் துண்டையும், சுழலாத புதுவகை வட்டையும் எடுத்துக் கொடுத்தான். நான் அஞ்சலகம் போனேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பெட்டியின் மேல் எழுத வேண்டும். வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்க, அவசரத்தில் கணினிக்குரிய சொல் வரவில்லை. மனிதர்களின் ஞாபகசக்திக்கு உரிய சொல்லைச் சொல்லிவிட்டேன். பயன்படுத்திய ஞாபகம், ஒன்று, அன்பளிப்பு. கவுண்டரில் இருந்த பெண் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "உங்களுக்கே அது தேவைப்படாதா?" என்றாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். இதிலிருந்து ஒரு கவிதை எழுதலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. எழுதவில்லை.

பெட்டி சென்னை சுங்கத்தில் நின்றது. அடையாள அட்டையை ஏற்றச் சொல்லித் தேவகிக்குச் செய்தி வந்தது. ஏற்றினாள். அட்டையில் அப்பா பெயரின் முதலெழுத்து, பெட்டியில் கணவர் பெயரின் முதலெழுத்து. இரண்டும் ஒருவர்தான் என்பதற்குச் சான்று கேட்டார்கள். கொடுத்தாள். பழைய பொருளா புதிய பொருளா என்று கேட்டார்கள். பழையது என்றாள். பழையதற்கு வேறு பிரிவு என்றார்கள்.

"அண்ணா, நான் ஒன் தங்கச்சிதான்னு கவர்மெண்டுக்கு நிரூபிக்கறதுக்குள்ள எனக்கே சந்தேகம் வந்துட்ச்சி" என்றாள்.

சில வாரம் கழித்து, ஐந்தாறு புதிய ஒட்டுச் சீட்டுகளோடு பெட்டி என் வாசலுக்கே திரும்பி வந்தது. நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். நிலன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஜெர்மனில் சொன்னான்: "இது உங்களைவிட அடிக்கடி ஊருக்குப் போய்வருகிறது, அப்பா."

குத்திச் சொல்லவில்லை. கணக்கு அப்படித்தான் இருந்தது.

4

இனி ஷர்மிளாவின் கையிருப்பில்தான் நடக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும்: வட்டு அல்லது நினைவகம். வட்டை மாற்றினால்தான் வேகம் தெரியும் என்றான் நிலன்.

"வேகம் இன்னாத்துக்குடா? நான் இன்னா ரேஸா ஓட்றேன்? ஓடணும், அவ்ளோதான். ராம் வாங்கறேன்."

"ஓம், அது சரி" என்றான். இதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

முதலில் சுத்தம். பெட்டியைத் திறந்ததும் உள்ளே கருப்பாக ஒரு படலம். ஒரு பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை ஷர்மிளா அதன்மேல் காட்டினாள். தூசி எழுந்து நின்றது, சிலிர்த்த மயிர்போல. நிலன் திரைக்கு மிக அருகே வந்து அதைப் பார்த்தான். காற்றடிக்கும் டப்பா வாங்கு என்று எழுதி அனுப்பினான். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜி.என்.டி. ரோட்டில் உள்ள பங்சர் கடைக்குப் போனாள். லாரி டயருக்குக் காற்றடிக்கும் குழாயால், தள்ளி நின்று, மெல்ல ஊதித் தந்தார் கடைக்காரர். விசிறி சுழலாதபடி ஷர்மிளா விரலால் பிடித்துக்கொண்டாள்.

"எத்தினி பவுண்டும்மா ஏத்தணும் இதுக்கு?" என்றாராம்.

"பின்னாடி டயருக்கு ஏத்தற அளவே ஏத்துண்ணா" என்றாளாம் இவள்.

பிறகு புதிய லினக்ஸை இறக்குவது. அந்த வீட்டில் இணையம் என்பது மூன்று கைப்பேசிகள். ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு ஓர் அளவு. ஷர்மிளா தன்னுடையதைத் தீர்த்தாள், அம்மாவுடையதைத் தீர்த்தாள், நைனா ஷிஃப்டு முடிந்து வந்ததும் அவருடையதையும் வாங்கினாள். விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லும் கட்டளை ஒன்று இருக்கிறது. அதைக் கொடுத்துக் கொடுத்து, மூன்றாம் நாள் காலையில் முழுதும் இறங்கியது. அந்த மூன்று நாளும் தேவகிக்கு சீரியல் கிடையாது. "ஹீரோயின் செத்தாளா பொழைச்சாளான்னு தெரியல. பக்கத்தூட்ல கேட்டுத் தெரிஞ்சிக்கினேன்" என்றாள்.

துண்டு துண்டாக வந்த கோப்பு சேதமில்லாமல் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு எழுத்தும் எண்ணுமாக ஒரு நீண்ட வரி உண்டு. அவளிடம் இருக்கும் வரியும், வெளியிட்டவர்கள் சொல்லும் வரியும் ஒன்றாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டரே ஒப்பிட்டுச் சொல்லும். ஆனால் இருவருக்கும் வாய்விட்டுப் படிக்க ஆசை. அவள் படித்தாள், அவன் இங்கிருந்து சரிபார்த்தான்.

"ஏ, நாலு, எஃப், சைபர்..."

"சைபர் எண்டால்?"

"முட்டைடா."

"ஓ, பூச்சியம்."

"பூச்சியா? எங்க?"

சிரித்து முடித்துவிட்டு இருவரும் ஜீரோ என்று வைத்துக்கொண்டார்கள். பிறகு தங்கு தடையின்றிப் போனது. பி, ஏழு, டி, டி, ஜீரோ, ஒன்பது. அர்த்தமில்லாத ஒரு வரியை இரண்டு பேர் இரண்டு கண்டங்களிலிருந்து ஒருமித்துச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. கடைசி எழுத்தும் பொருந்தியதும் நான் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன்.

5

நினைவகத் துண்டு மணவாள நகரில் கிடைத்தது. பழைய பொருள் விற்கும் செயலியில் ஒரு மாணவன் போட்டிருந்தான். தேவகியும் ஷர்மிளாவும் பஸ் மாறிப் போனார்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் அவன் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். விரல் நீளப் பச்சைப் பலகை. ஒரு பக்க விளிம்பில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள். அந்தப் பக்கம்தான் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பொருத்துவாய்க்குள், அதாவது ஸ்லாட்டுக்குள், போகும். ஷர்மிளா அவனிடம் ஓட்டிக் காட்டச் சொன்னாள். தன் கம்ப்யூட்டரில் ஓட்டி எடுத்த வீடியோவைக் கைப்பேசியில் காட்டினான். சரியாகத்தான் இருந்தது. பஸ்ஸில் வரும்வழியெல்லாம் தேவகி அதைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. எங்களுக்குப் பிற்பகல். ஷர்மிளா கைப்பேசியைச் செல்ஃபில் சாய்த்து வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். பழைய துண்டுக்குப் பக்கத்தில் புதியதைப் பொருத்தினாள். சுவிட்சைப் போட்டாள்.

நீளமாக ஒரு பீப். இடைவெளி. நீளமாக ஒரு பீப்.

திரை கருப்பு. நினைவகத்தைக் காணோம் என்று கம்ப்யூட்டர் கத்துவது அது. கழற்றிப் பொருத்தினாள். பீப். இடம் மாற்றிப் பொருத்தினாள். பீப். புதியதை எடுத்துவிட்டுப் பழையதை மட்டும் பொருத்தினாள். அப்போதும் பீப். நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்த பழையதும் இப்போது இல்லை.

"புதுசு போயி பழசயும் கெடுத்துட்ச்சி" என்றாள் ஷர்மிளா. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. அப்படி அவள் பேசி நான் கேட்டதில்லை.

சேகர் கட்டிலிலிருந்து எழுந்தார். ஆணியிலிருந்து சட்டையை எடுத்தார்.

"எங்க போற நைனா?"

"மணவாள நகருக்கு. அந்தப் பையன் மூஞ்சப் பாத்து ரெண்டு வார்த்த கேக்கணும். பொம்பளைங்க போனாக்க செத்ததக் கட்டிக் குடுத்துடுவானா?"

"அவன் வீடியோ காட்னான் நைனா."

"வீடியோல நானும்தான் நல்லாக் கீறேன்."

தேவகி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். நான் இங்கிருந்து சேகரைக் கூப்பிட்டேன். "மாப்ளே, அவசரப்படாதீங்க. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு."

"நாளு இருக்குது மச்சான். டப்புதான் இல்ல." பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னார். "வுடுங்க. டிரெய்னி எடம் கீது. கௌரவமான வேலதான்."

ஷர்மிளா தரையில் உட்கார்ந்து, புதிய துண்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் அவளுடைய உணரி சின்னப் பச்சை விளக்கோடு காற்றை அளந்துகொண்டிருந்தது. கேட்க ஆள் இல்லாமல்.

6

"ஷர்மிளா, அதைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டு வாரும்" என்றான் நிலன்.

அவள் கொண்டுவந்தாள். திரை முழுக்கப் பச்சைப் பலகை. கருப்புச் சில்லுகள். ஒரு சில்லின் நடுவே சிறிதாய்ச் சிவப்புப் புள்ளி. நானும் நிலனின் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். கோளாறு எதுவும் தெரியவில்லை.

"அந்தச் சிவப்பு என்ன? வித்தவர் போட்ட அடையாளமோ?"

"எது?" என்றாள் அவள்.

"அது ஒண்ணுமில்ல" என்றேன் நான்.

நிலன் என்னைத் திரும்பிப் பார்த்தான். முதன்முறையாக என்னிடம் தமிழில் கேட்டான். "ஒண்டும் இல்லையெண்டால், அது எப்பிடி அங்க வந்தது, அப்பா?"

"குங்குமம்டா" என்றாள் ஷர்மிளா. "புதுசு இல்ல? அம்மா வெச்சிருக்கும்."

"குங்குமம் மட்டுமா வைக்கிறது?" என்றான் நிலன்.

அவள் துண்டைத் திருப்பி, தங்கப் பற்களை வெளிச்சத்தில் சாய்த்தாள். தங்கத்தின்மேல் மங்கலாக மூன்று திட்டு. காய்ந்து, விளிம்பில் பொருக்குத் தட்டி, தங்கத்தோடு தங்கமாக.

மஞ்சள்.

எங்கள் பக்கத்தில் புதுத்துணி எடுத்தால் மூலையில் மஞ்சள் தொட்டு வைக்காமல் உடுத்த மாட்டார்கள். மிக்ஸி வந்தால் வைப்பார்கள். பைக் வந்தால் வைப்பார்கள். ஷர்மிளாவின் கால்குலேட்டருக்கும் வைத்திருந்தார்கள். தேவகி பஸ்ஸிலிருந்து இறங்கியதும், விளக்கேற்றி, அந்தப் பச்சைப் பலகைக்கும் வைத்திருக்கிறாள். தண்ணீரில் குழைத்த மஞ்சளைத் தங்கத்தில் மூன்று இடத்தில். மின்சாரம் தொட வேண்டிய அதே இடத்தில். அந்தப் பொருக்குப் பொருத்துவாய்க்குள் உதிர்ந்து, பழைய துண்டையும் தொடவிடாமல் செய்திருக்கிறது.

ஷர்மிளா அதைக் கையில் எடுத்து மூன்று முறை பொருத்தினாள். பார்க்கவில்லை. சேகர் பார்த்தார், அவர் கண்ணிலும் படவில்லை. நானும், இத்தனை தூரத்திலிருந்து, பெரிதாக்கிய திரையில் பார்த்தேன். எனக்கு அது தெரியவில்லை என்று சொன்னால் சரியாகாது. சிவப்புப் புள்ளி தெரிந்தது. அது அங்கே இருக்க வேண்டிய ஒன்றாகவே தெரிந்தது. இருபது வருடத்துக்கு மேல் வேறு நாட்டில் வரி கட்டிக்கொண்டிருக்கிறேன். என் கண் மட்டும் இன்னும் கவரைப்பேட்டையில்தான் குடியிருக்கிறது போலும். அந்த வீட்டுக் கண்ணில்லாத ஒருவன் வேண்டியிருந்தது. அவனை நான்தான் பெற்றிருந்தேன். அவன் விலகிப் போகிறான் என்று இவ்வளவு நாளும் மனதுக்குள் எழுதிவந்தேன். விலகி நின்றவனுக்குத்தான் தெரிந்தது.

சேகர் சட்டைப் பொத்தானை அவிழ்த்தார். "அந்தப் பையனுக்கு இன்னிக்கி நல்ல நேரம்" என்றார்.

தேவகி கதவோரத்திலிருந்து முன்னால் வந்தாள். "மஞ்ச வெச்சாக் கெட்டுப்பூடுமா? அப்பிடி இன்னாடி மிசினு அது?" என்று சத்தமாகத்தான் தொடங்கினாள். பாதியில் சத்தம் இறங்கியது. "தங்கம் மாரி இருந்துச்சி... அங்க வெச்சா நல்லதுன்னு வெச்சேன். நாந்தான் கெடுத்தனா?"

நான் என்ன சொல்வதென்று தேடிக்கொண்டிருந்தேன். சொல் கிடைப்பதற்குள் நிலன் பேசிவிட்டான்.

"அத்தை, ஒண்டும் கெடேல்ல. துடைச்சால் போகும். மஞ்சள் வைக்கலாம். உள்ளுக்கு வேண்டாம், வெளிப்பெட்டியில வையுங்கோ. அங்க எவ்வளவும் வைக்கலாம்."

தேவகி திரையை உற்றுப் பார்த்தாள். "இன்னாண்ணா சொல்றான்?" என்று என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் அவளே, "புரிஞ்சிட்ச்சி, புரிஞ்சிட்ச்சி" என்றாள்.

சேகர் மெடிக்கலுக்குப் போய் ஸ்பிரிட் வாங்கிவந்தார், ஊசி போடுமுன் தடவுவார்களே, அது. தங்கப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தாள் ஷர்மிளா. ரப்பர் மஞ்சளானது. மெல்லிய துணியை ஒரு விசிட்டிங் கார்டில் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, பொருத்துவாய்க்குள் விட்டு எடுத்தாள். காயவிட்டாள். நாங்கள் எல்லோரும் ஒரு பச்சைப் பலகை காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம், இரண்டு நாட்டில்.

சுவிட்சைப் போட்டாள்.

குட்டையாக ஒரு பீப். ஒன்றே ஒன்று. அப்படிக் கத்தினால் எல்லாம் சரி என்று அர்த்தம். திரையில் வெள்ளை எழுத்து ஓடத் தொடங்கியது.

"வந்துட்ச்சி" என்றாள் ஷர்மிளா. நிலன் இங்கே மேசையை ஒரு குத்துக் குத்தினான். என் கோப்பை கவிழ்ந்தது.

7

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்குப் பங்கில்லை. புதிய லினக்ஸை ஏற்றினார்கள். கனமான முகப்பு வேண்டாம், இலேசானது போதும் என்று முடிவு செய்தார்கள். எதையோ நிறுத்தினார்கள், எதையோ சேர்த்தார்கள். நான் வேலையிலிருந்து திரும்பும்போது நிலனின் அறையிலிருந்து அவள் குரல் கேட்கும். "டேய், அது சும்மா சீன் போடுது, எர்ரர் இல்ல." "ஓம், எனக்கும் விளங்குது." சாப்பிட வரச்சொல்லிக் கதவைத் தட்டினால், "பொறுங்கோ அப்பா, கதைச்சுக்கினு இருக்கிறன்" என்றான் ஒருநாள். அந்தச் சொல் எந்த ஊருக்கும் சொந்தமில்லை. நான் திருத்தவில்லை.

நான் திரும்பவும் என் வேலைக்கு வந்துவிட்டேன். பொதியிடும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது. இயந்திரம் நின்றால் வரிசையாகக் கேள்வி கேட்போம்: மின்சாரம் வருகிறதா, காற்றழுத்தம் இருக்கிறதா, உணரி வேலை செய்கிறதா. யாராவது இதை ஆசீர்வதித்தார்களா என்ற கேள்வி எங்கள் பட்டியலில் இல்லை. சேர்க்கச் சொல்லலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு படம் வந்தது. சேகரின் ஸ்கூட்டர். முன்னால் கால்வைக்கும் இடத்தில், பெட்ஷீட்டில் சுற்றிய கம்ப்யூட்டர் பெட்டி. பின்னால் ஷர்மிளா, மடியில் உணரி. நைட் ஷிஃப்டு முடிந்து தூங்காத கண்ணோடு சேகர். பெட்ஷீட் விலகிய இடத்தில், பழைய கம்பெனியின் சொத்து எண்ணுக்குப் பக்கத்தில், பெரிதாக, தாராளமாக, மஞ்சள். அதன் நடுவே குங்குமம்.

மதிய இடைவேளையில் தேவகி அழைத்தாள். ஆலைக்கு வெளியே, சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்று எடுத்தேன். தூறல்.

"ஓடிச்சாம்ணா" என்றாள்.

"முழுசாவா?"

"முழுசா. அந்த சாரு ஜன்னலத் தொறக்கச் சொல்லிப் பாத்தாராம், மூடச் சொல்லிப் பாத்தாராம். கோடு ஏறிச்சாம், எறங்கிச்சாம். அப்பறம் பொட்டி மேல இருக்கற மஞ்சளப் பாத்துட்டு, புது சிஸ்டமாம்மான்னு கேட்டாராம்."

"இவ என்ன சொன்னா?"

"ஆமா சார்னுட்டாளாம். வேற இன்னா சொல்லுவா? பேரு லிஸ்ட்ல வந்துட்ச்சி. இன்டர்வியூ அடுத்த மாசம்."

"சேகர்?"

"சூப்பர்வைசருக்கு போனு பண்ணி, அந்த டிரெய்னி எடத்த வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க சார்னு சொன்னாரு. சொல்லிட்டு கொஞ்ச நேரம் போன கைலயே வெச்சிக்கினு நின்னாரு. அப்பறம் படுத்துட்டாரு. கொறட்ட கேக்குது பாரு."

கேட்டது. அந்தக் குறட்டைக்கு அப்பால் இன்னொரு குரலும் கேட்டது. சிரிப்பு, வேகம், நடுநடுவே ஓர் "ஓம்", கிண்டலாக. ஷர்மிளா. நிலனுக்கு அந்த நேரம் வகுப்பு என்று நினைத்திருந்தேன்.

"அவகிட்டக் குடு, ஒரு வார்த்தை சொல்லிடறேன்" என்றேன்.

"அவ நிலங்கிட்டப் பேசிக்கினு கீறாண்ணா. அவந்தான் மொதல்ல போனு பண்ணான்."

"சரி, முடிக்கட்டும். நான் லைன்ல இருக்கேன்."

தேவகியும் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். பிறகு சொன்னாள்:

"இப்பக்கி முடிக்காதுங்கண்ணா. நீ வெச்சிடு. அதுங்க பேசட்டும்."